நாலு மணிக்கு மைதானம் யாருடையது?

(எபிசோடின் ஒலிப்பதிவைச் சற்றே திருத்தி எழுத்து வடிவில் தருகிறோம்.)



இன்னைக்கு ஒரு காட்சியோட ஆரம்பிக்கலாம். சாயங்காலம் நாலு மணி. பள்ளிக்கூடத்துல கடைசி மணி அடிச்சாச்சு. பையன்கள் புத்தகப் பையைச் சுவர் ஓரமா வீசிட்டு மைதானத்துக்கு ஓடுறாங்க. பெண் பிள்ளைகள் பையை மாட்டிக்கிட்டு கேட்டைத் தாண்டி வீட்டுக்கு நடக்குறாங்க. இந்தக் காட்சியைப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் ரொம்பக் குறைவு. ஏன் இப்படி என்று யாரையாவது கேட்டால் ஒரு பதில் தயாராக இருக்கும்: "பொண்ணுங்களுக்கு அதுல அவ்வளவா ஆர்வம் இல்லீங்க."

இந்தப் பதில் உண்மைதானா? கருத்தா விவாதிச்சா முடிவே வராது. ஆனா வரலாற்றுல இதைச் சோதிச்சுப் பார்க்க ஒரு நல்ல இடம் இருக்கு. அது அமெரிக்கா. அங்கே பள்ளி நேரம் முடிந்த பிறகு நடக்கும் விளையாட்டைப் பெரும்பாலும் பள்ளிகளே நடத்துகின்றன. பயிற்சியாளர், பேருந்து, சீருடை, போட்டி அட்டவணை எல்லாம் பள்ளியின் பொறுப்பு. எத்தனை பேர் ஆடுகிறார்கள் என்று மாநில உயர்நிலைப்பள்ளிச் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு கணக்கும் வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே, நடுவில் ஒரு சட்டம் வந்தது. அதனால் முன்பு எப்படி, பின்பு எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்க முடிகிறது.

முதல்ல ரெண்டு எண்ணை மட்டும் மனசுல வெச்சுக்கோங்க. 1971-72 கல்வியாண்டில் அமெரிக்க உயர்நிலைப்பள்ளி அணிகளில் ஆடிய பையன்கள் 36,66,917 பேர். பெண்கள் 2,94,015 பேர். பையன்களில் ஏறக்குறைய இரண்டில் ஒருவர் ஏதாவது ஓர் அணியில் இருந்தார். பெண்களில் 27 பேருக்கு ஒருவர்.

இந்த ரெண்டாவது எண் எப்படி அவ்வளவு சின்னதாச்சு? அதுக்கு எண்பது வருஷம் பின்னால போகணும்.

மூன்றாகப் பிரித்த மைதானம்

1891 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். நமக்கும் இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு. 1920-இல் மெட்ராஸில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கிய ஹாரி குரோ பக் அங்கே படித்தவர்தான்.

பக்கத்திலேயே நார்த்தாம்ப்டன் என்ற ஊர். அங்கே ஸ்மித் மகளிர் கல்லூரி. அதன் உடற்பயிற்சி ஆசிரியை செண்டா பெரென்சன் இந்தப் புது விளையாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டுத் தன் மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். 1893 மார்ச் 22 அன்று முதலாம் ஆண்டு மாணவிகளும் இரண்டாம் ஆண்டு மாணவிகளும் மோதினார்கள். கூடைப்பந்து பிறந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை! ஆட்டத்தைத் தொடங்க பெரென்சன் பந்தை மேலே எறிந்தார். அது முதலாண்டு அணித் தலைவியின் தூக்கிய கையில் பட்டு அவர் தோள்மூட்டு விலகிவிட்டது. உள்ளே அழைத்துப்போய் மூட்டைச் சரிசெய்தார்கள். மாற்று ஆட்டக்காரி இறங்கினார். ஆட்டம் தொடர்ந்தது.

ஆக, ஆர்வத்துக்குக் குறைவில்லை. கவலைப்பட்டது பெரியவர்கள்தான். பெண்ணின் உடல் இதைத் தாங்குமா, நரம்புத் தளர்ச்சி வராதா, முரட்டுத்தனம் ஒட்டிக்கொள்ளாதா? அந்தக் காலத்து மருத்துவர்கள் இதையெல்லாம் உண்மையிலேயே நம்பினார்கள். அதனால் பெரென்சன் விதிகளை மாற்றினார். மைதானத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார். அவரவர் கட்டத்தை விட்டு நகரக் கூடாது. எதிராளியின் கையிலிருந்து பந்தைப் பறிக்கக் கூடாது.

பெரென்சன் மேல எனக்குக் கோபம் வரல. அந்த மூணு கோடு இல்லேன்னா அந்த மாணவிகளுக்கு ஆட்டமே கிடைச்சிருக்காது. ஆனா ஒண்ணைக் கவனிங்க. பெண்கள் ஆடலாம், ஆனால் ஒரு கோட்டுக்குள்ளேதான் ஆடலாம் என்பது இங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

நல்லெண்ணத்தில் மூடிய கதவு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஊர்களில் பெண்கள் பள்ளி அணிகள் உருவாயின. ஊருக்கு ஊர் போட்டி, பார்வையாளர்கள் கூட்டம் எல்லாம் இருந்தது. பிறகு கதவுகள் ஒவ்வொன்றாக மூடின. இல்லினாய் மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் 1907-இலேயே பெண்களுக்கான பள்ளிகளுக்கிடைப்பட்ட கூடைப்பந்தைத் தடைசெய்தது.

மூடியவர்கள் எல்லாரும் ஆண்கள் என்று நினைத்தால் தப்பு. 1923-இல் வாஷிங்டனில் பெண் உடற்கல்வியாளர்களின் ஒரு மாநாடு நடந்தது. தலைமை தாங்கியவர் லூ ஹென்றி ஹூவர். பின்னாளில் அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் மனைவி. அங்கே எடுத்த நிலைப்பாடு, பெண்களுக்குப் பள்ளிகளுக்கிடையே கடும் போட்டி வேண்டாம் என்பது.

அவங்க சொன்ன காரணத்தைக் கேட்டா நமக்கே கொஞ்சம் சரின்னு படும். ஆண்கள் விளையாட்டில் பணமும் வெறியும் புகுந்திருந்தன. பயிற்சியாளர்கள் வெற்றிக்காக மாணவர்களைப் பிழிந்தார்கள். பத்துப் பேர் ஆட ஆயிரம் பேர் வேடிக்கை பார்த்தார்கள். அந்தக் கேடு பெண்களுக்கு வேண்டாம், நட்சத்திரங்களைத் தேடாமல் எல்லாப் பெண்ணும் ஏதாவது ஒரு விளையாட்டை ஆடட்டும் என்றார்கள்.

எண்ணம் நல்லதுதான். நடைமுறையில் அது என்னவாச்சு? 'ப்ளே டே' என்று ஒன்று வந்தது. நாலைந்து பள்ளி மாணவிகளை ஓரிடத்துக்கு வரவழைப்பார்கள். பள்ளி வாரியாக மோதினால் போட்டி மனப்பான்மை வந்துவிடும் என்று எல்லாரையும் கலந்து அணி பிரிப்பார்கள். கொஞ்ச நேரம் ஆட்டம், அப்புறம் சிற்றுண்டி, அப்புறம் வீடு. வருடத்தில் சில நாட்கள் அவ்வளவுதான். மற்ற நாட்களில் நாலு மணிக்கு மைதானம் பையன்களுக்கு.

இந்த எண்ணத்துக்கு உரம் போட்டது 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். முதல்முறையாகப் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி உலக சாதனையோடு தங்கம் வென்றார். மறுநாள் பத்திரிகைகளில் வந்த செய்தி வேறு. பெண்கள் ஓட முடியாமல் சுருண்டு விழுந்தார்கள், பார்க்கவே பரிதாபமாக இருந்தது என்று எழுதினார்கள். உண்மையில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்தார்கள். ஓடி முடித்த களைப்பில் சிலர் தரையில் சாய்ந்தார்கள். எந்த ஓட்டக்காரர்தான் சாய மாட்டார்? ஆனால் அதைக் காட்டியே அந்தப் பந்தயத்தை எடுத்துவிட்டார்கள். 1960 ரோம் வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் கிடையாது. முப்பத்திரண்டு வருடம்.

கதவு மூடாத இடங்கள்

நாடு முழுக்க ஒரே மாதிரி நடக்கல என்பதுதான் இந்த வரலாற்றுல எனக்குப் பிடிச்ச பகுதி.

அயோவா ஒரு விவசாய மாநிலம். சோளக்காட்டு நடுவே சின்னச் சின்ன ஊர்கள். 1925-இல் அந்த மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம், பெண்கள் கூடைப்பந்துப் போட்டியை இனி நடத்துவதில்லை என்று முடிவெடுத்தது. சிற்றூர்ப் பள்ளிகளின் நிர்வாகிகள் ஒப்புக்கொள்ளவில்லை. வெளியே வந்து பெண்களுக்கென்றே தனிச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்கள். காரணம் எளிமையானது. அந்த ஊர்களில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஊரே கூடுவது பெண்கள் ஆட்டத்துக்குத்தான்.

அங்கே ஆட்டம் அணிக்கு ஆறு பேர் வைத்து நடந்தது. மூன்று பேர் தாக்குவார்கள், மூன்று பேர் தடுப்பார்கள். யாரும் நடுக்கோட்டைத் தாண்டக் கூடாது. பெரென்சனின் கோடு இன்னும் அழியல பாருங்க! ஆனால் அந்தக் கோட்டுக்குள்ளேயே பெரிய ஆட்டக்காரிகள் உருவானார்கள். 1968 மாநில இறுதிப் போட்டியில் யூனியன்-விட்டன் பள்ளியின் டெனிஸ் லாங் 64 புள்ளிகள் எடுத்தார். எதிரணி எவர்லியின் ஜீனெட் ஓல்சன் 76. கூடுதல் நேரம் வரை போன அந்த ஆட்டத்தில் லாங்கின் அணி 113-107 என்று வென்றது. அடுத்த வருடம் சான் ஃபிரான்சிஸ்கோ வாரியர்ஸ் என்ற ஆண்கள் தொழில்முறை அணி, வீரர் தேர்வில் லாங்கின் பெயரைச் சொன்னது. லீக் அதை ஏற்கவில்லை.

இன்னொரு பக்கம் கறுப்பின மக்களின் கல்லூரிகள். அலபாமாவின் டஸ்கிகீயும் டென்னசி ஸ்டேட்டும் பெண்கள் தடகளத்தை விடாமல் நடத்தின. டஸ்கிகீயில் படித்த ஆலிஸ் கோச்மன் 1948 லண்டனில் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் அவர். டென்னசி ஸ்டேட்டின் வில்மா ருடால்ஃப் 1960 ரோமில் மூன்று தங்கம்.

அயோவாவின் பெண்களுக்கும் பக்கத்து இல்லினாயின் பெண்களுக்கும் உடம்பில் என்ன வித்தியாசம்? ஒன்றும் கிடையாது. ஒரு மாநிலத்தில் அணி இருந்தது, இன்னொன்றில் இல்லை. அணி இருந்த இடத்தில் ஆர்வமும் இருந்தது.

ஹோபோக்கனில் ஒரு தொப்பி

அமெரிக்கச் சிறுவர் பேஸ்பாலின் மிகப்பெரிய அமைப்பு லிட்டில் லீக். 1939-இல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் தொடங்கியது. 1950-இல் நியூயார்க் மாநிலம் கார்னிங்கில் கேத்ரின் ஜான்ஸ்டன் என்ற சிறுமி கூந்தலைத் தொப்பிக்குள் மறைத்து, 'டபி' என்று பையன் பெயர் சொல்லி அணியில் சேர்ந்துவிட்டார். நன்றாகவே ஆடினார். அடுத்த வருடம் லிட்டில் லீக் ஒரு விதி கொண்டுவந்தது: பெண்கள் எந்தச் சூழ்நிலையிலும் சேரக் கூடாது.

யோசிச்சுப் பாருங்க. ஆர்வமே இல்லாதவங்களைத் தடுக்க எதுக்குங்க விதி?

1972-இல் நியூஜெர்சியின் ஹோபோக்கனில் மரியா பெப்பே என்ற சிறுமி மூன்று ஆட்டங்கள் ஆடினார். அவரை நீக்காவிட்டால் ஊரின் அணிகளுக்கான அங்கீகாரமே போய்விடும் என்று லிட்டில் லீக் சொன்னது. பெண்ணை உட்கார வைத்தார்கள். வழக்கு நடந்தது. பெண் குழந்தைகளின் எலும்பு பையன்களின் எலும்பைவிடப் பலவீனமானது என்று நிபுணர் சாட்சியமெல்லாம் வந்தது. 1973 நவம்பரில் விசாரணை அதிகாரி சில்வியா பிரஸ்லர் சிறுமியின் பக்கம் தீர்ப்புச் சொன்னார். பெண்களைச் சேர்ப்பதைவிட ஆட்டத்தையே நிறுத்துகிறோம் என்று அந்த மாநிலத்தில் பல லீக்குகள் கொஞ்ச நாள் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தன. மேல்முறையீடும் தோற்றது. 1974-இல் விதி மாறியது.

ஆனால் மரியாவுக்கு அதற்குள் வயது கடந்துவிட்டது. அவர் வாங்கிக் கொடுத்த உரிமையில் அவர் ஆட முடியவில்லை. நாலு மணி மைதானத்துல தாமதம்னா இதுதான் விலை. பெரியவங்களுக்கு ரெண்டு வருஷம் ஒரு வழக்கு. பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு அது மொத்த விளையாட்டு வாழ்க்கை.

இதே காலத்தில், 1971-இல், கனெக்டிகட் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப்பள்ளி மாணவி நெடுந்தூர ஓட்ட அணியில் சேர அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார். நீதிபதி மறுத்துவிட்டார். அவர் சொன்னதன் சாரம் இது: விளையாட்டுப் போட்டி நம் பையன்களிடம் ஒரு குணத்தை வளர்க்கிறது; அந்த மாதிரிக் குணம் நம் பெண்களுக்குத் தேவையில்லை. இங்கே ஆர்வம் இல்லை என்றுகூட அவர் சொல்லவில்லை. வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்.

விளையாட்டு என்ற சொல்லே இல்லாத சட்டம்

இப்போ அந்தச் சட்டத்துக்கு வருவோம். இது விளையாட்டிலிருந்து பிறந்ததே இல்லை.

1969. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த பெர்னிஸ் சாண்ட்லர் முனைவர் பட்டம் முடித்திருந்தார். துறையில் பல இடங்கள் காலி. இவரை யாரும் பரிசீலிக்கவே இல்லை. ஏன் என்று சக ஆசிரியர் ஒருவரைக் கேட்டபோது, பெண்ணாக இருந்துகொண்டு நீங்கள் ரொம்ப வேகமாக வருகிறீர்கள் என்ற மாதிரி ஒரு பதில் கிடைத்தது. அவர் அழுதுவிட்டு உட்காரவில்லை. சட்டப் புத்தகங்களைப் புரட்டினார், பல்கலைக்கழகங்கள் மீது புகார்களைக் குவித்தார்.

நாடாளுமன்றத்தில் ஓரிகானின் இடித் கிரீன் 1970-இல் இதைப் பற்றி விசாரணைக் கூட்டங்கள் நடத்தினார். கூடவே ஹவாயின் பாட்ஸி மிங்க். ஜப்பானிய வம்சாவளிப் பெண். டாக்டராக ஆசைப்பட்டு விண்ணப்பித்த மருத்துவக் கல்லூரிகளெல்லாம் கதவடைத்ததால் சட்டம் படித்தவர். செனட்டில் இந்தியானாவின் பர்ச் பாய். 1972 ஜூன் 23 அன்று அதிபர் நிக்சன் கையெழுத்திட்டார். கல்விச் சட்டத் திருத்தங்களின் ஒன்பதாம் தலைப்பு. அதுதான் 'டைட்டில் நைன்'.

ஆங்கிலத்தில் அதன் மையம் 37 சொற்கள். அரசு நிதி பெறும் எந்தக் கல்வித் திட்டத்திலும் பாலினத்தைக் காரணம் காட்டி யாரையும் ஒதுக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த 37-இல் விளையாட்டு என்ற சொல் கிடையாது. கல்லூரிச் சேர்க்கையும் வேலையும்தான் நினைப்பு. சத்தம் போட வேண்டாம், சத்தம் போட்டால் எதிர்ப்பு வரும் என்று ஆதரவாளர்களை இடித் கிரீனே அடக்கி வைத்திருந்தார். அது பலித்தது. யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

கையெழுத்துக்கு அப்புறம்தான் ஒரு கேள்வி வந்துச்சு. பள்ளி விளையாட்டும் கல்வித் திட்டம்தானே? அப்போ மைதானமும் இதுல வருமே?

அங்கே தொடங்கியது சண்டை. 1974-இல் டெக்சாஸ் செனட்டர் ஜான் டவர், பணம் ஈட்டும் விளையாட்டுகளுக்கு விலக்கு வேண்டும் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். பெரும்பாலும் அமெரிக்கன் ஃபுட்பாலை மனதில் வைத்து. அது நிற்கவில்லை. விதிமுறை வரைவுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் கருத்துக் கடிதங்கள் வந்தன. கல்லூரி விளையாட்டுதான் இந்த நாட்டின் தலையாய பிரச்சினை என்று எனக்கு இதுவரை தெரியாமல் போச்சே என்று துறை அமைச்சர் காஸ்பர் வைன்பர்கர் கிண்டலாகச் சொல்லும் அளவுக்கு.

1975 ஜூலையில் விதிகள் நடைமுறைக்கு வந்தன. தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு வருட அவகாசம், உயர்நிலைப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் மூன்று வருடம். சமத்துவம் என்றால் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பத்து அம்சங்கள் பட்டியலிட்டார்கள். விளையாட்டு உபகரணம், போட்டி மற்றும் பயிற்சி நேரம், பயணச் செலவு, பயிற்சியாளரின் சம்பளம், உடை மாற்றும் அறை, மருத்துவ வசதி, விளம்பரம் என்று போகிறது. இந்தப் பட்டியலை எழுதினவங்களுக்கு நாலு மணி மைதானம் எப்படி இயங்கும்னு நல்லாத் தெரிஞ்சிருக்கு. "நாங்க யாரையும் தடுக்கலையே" என்று சொல்லிவிட்டு, பையன்கள் ஆடி முடித்து இருட்டிய பிறகு மைதானத்தைக் கொடுத்தால் யார் வருவார்கள்?

குளியல் வசதி எல்லாம் ஒரு பிரச்சினையா என்பவர்களுக்கு ஒரு சம்பவம். யேல் பல்கலைக்கழகப் படகோட்டும் அணி. பையன்களுக்குக் கரையில் வெந்நீர்க் குளியலறை உண்டு. பெண்களுக்கு இல்லை. நனைந்த உடையோடு பேருந்தில் உட்கார்ந்து, பையன்கள் குளித்து வரும்வரை குளிரில் காத்திருக்க வேண்டும். 1976 மார்ச்சில் பத்தொன்பது மாணவிகள் விளையாட்டு நிர்வாகியின் அறைக்குள் போய், மேலாடையைக் கழற்றி, உடம்பில் எழுதியிருந்த 'டைட்டில் நைன்' என்ற எழுத்துகளைக் காட்டி ஓர் அறிக்கை வாசித்தார்கள். கூடவே ஒரு பத்திரிகைக்காரர். குளியலறை வந்துவிட்டது.

எண்கள் என்ன சொல்கின்றன

இப்போ மறுபடியும் கணக்கைப் பார்ப்போம். 1971-72-இல் 2,94,015 பெண்கள். அடுத்த வருடமே 8,17,073. அதற்கடுத்து 13 லட்சம். 1977-78-இல் 20,83,040. ஆறே வருடத்தில் ஏழு மடங்கு.

இதுல ஒரு நேர்மையான குறிப்பு சொல்லணும். விதிமுறைகள் நடைமுறைக்கு வந்ததே 1975-இல். ஆனால் எண்ணிக்கை அதற்கு முன்பே பாய்ந்துவிட்டது. ஆகவே சட்டம் மட்டும் காரணம் என்று சொல்ல முடியாது. பெண் விடுதலை இயக்கம், ஊர் ஊராக நடந்த வழக்குகள், சட்டம் வருகிறது என்ற எதிர்பார்ப்பு எல்லாம் சேர்ந்துதான். ஆனால் ஆறு வருடத்தில் ஒரு நாட்டுப் பெண்களின் உடலோ இயல்போ மாறாது. மாறியது அணிகளின் எண்ணிக்கை. "ஆர்வம் இல்லை" என்று அறுபது வருடம் சொன்ன பதிலை ஆறு வருடக் கணக்கு பொய்யாக்கியது.

ஆடினதால என்ன லாபம் என்று கேட்பவர்களுக்குப் பொருளாதார அறிஞர் பெட்ஸி ஸ்டீவன்சன் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அவர் செய்தது கெட்டிக்காரத்தனமான வேலை. சட்டத்துக்கு முன்பு பையன்கள் அதிகமாக ஆடிய மாநிலங்கள், பெண்களுக்கு அதிக இடம் திறக்க வேண்டியிருந்தது. குறைவாக ஆடிய மாநிலங்களுக்கு அந்தக் கட்டாயம் குறைவு. இந்த வித்தியாசத்தை வைத்து, விளையாட்டின் விளைவை மட்டும் பிரித்துப் பார்த்தார். பெண்களின் விளையாட்டுப் பங்கேற்பு 10 சதவீதப் புள்ளி கூடினால், கல்லூரி செல்லும் பெண்கள் 1 சதவீதப் புள்ளியும், வேலைக்குச் செல்வோர் 1 முதல் 2 சதவீதப் புள்ளியும் கூடினார்கள். கேட்க சின்ன எண்தான். ஒரு நாட்டின் அளவில் அது பல லட்சம் வாழ்க்கை.

இதில் போனது என்ன

இது முழுக்க வெற்றிக் கதைன்னு சொல்லிட்டு முடிச்சா தப்பு. இரண்டு விஷயம் சொல்லணும்.

ஒன்று, பெண் பயிற்சியாளர்கள். 1972-இல் கல்லூரிப் பெண்கள் அணிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பயிற்சியாளர் ஒரு பெண்ணாக இருந்தார். சம்பளம் இல்லாமலோ சொற்பத்துக்கோ வேலை பார்த்தவர்கள். சட்டம் வந்து சம்பளமும் மதிப்பும் கூடியதும் அந்த வேலைக்கு ஆண்கள் வந்தார்கள். 2014-இல் பெண் பயிற்சியாளர்கள் 43 சதவீதம்தான். பெண்களே நடத்திய கல்லூரி விளையாட்டுச் சங்கமும் எண்பதுகளின் தொடக்கத்தில் ஆண்கள் சங்கத்தின் போட்டியில் மூடிப்போனது. 1923 மாநாட்டில் பேசிய அந்த ஆசிரியைகள் பயந்த பணமும் வெறியும் பெண்கள் விளையாட்டுக்கும் வந்து சேர்ந்தன. அவர்கள் முற்றிலும் தவறாகப் பேசவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேட்டுக்கு மருந்தாக அவர்கள் பூட்டியது பெண்களின் கதவை மட்டும்தான்.

இன்னொன்று, பையன்களின் இழப்பு. சில கல்லூரிகள் ஆண்கள் மல்யுத்தம், ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளைக் கலைத்துவிட்டுச் சட்டத்தின் மேல் பழி போட்டன. அந்த மாணவர்களின் வேதனை உண்மை. அதே கல்லூரிகளில் ஃபுட்பால் அணி ஒன்றுக்கே 85 உதவித்தொகை வரை போனது என்பதும் உண்மை. உயர்நிலைப் பள்ளிகளில் ஐம்பது வருடக் கணக்கைப் பார்த்தால் ஆடும் பையன்கள் குறையவில்லை. 2018-19-இல் 45,34,758 பேர்.

தப்பான பருவம்

முடிக்கறதுக்கு முன்னாடி மிச்சிகன் கதை. எனக்கு இந்த வரலாற்றிலேயே ரொம்ப முக்கியமான கதை இது. ஏன்னா இங்கே யாரும் எதையும் தடை செய்யல.

மிச்சிகனில் பெண்களுக்குக் கூடைப்பந்து உண்டு, வாலிபால் உண்டு. நேரம் மட்டும் வேறு. நாடு முழுக்கப் பெரும்பாலும் குளிர்காலத்தில் ஆடும் கூடைப்பந்தை இங்கே பெண்களுக்கு இலையுதிர் காலத்தில் வைத்தார்கள். இலையுதிர் காலத்து வாலிபாலைக் குளிர்காலத்துக்குத் தள்ளினார்கள். ஏனென்றால் வழக்கமான பருவத்தில் உள்ளரங்கம் பையன்களுக்கு வேண்டும். அதனால் கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆட்களைத் தேடி வரும் காலத்தில் இந்த மாநிலத்துப் பெண்கள் வேறு விளையாட்டில் இருந்தார்கள்.

பெற்றோர்கள் சிலர் சேர்ந்து 1998-இல் வழக்குப் போட்டார்கள். 2001-இல் நீதிமன்றம் இது பாகுபாடு என்றது. மேல்முறையீடு, மறு மேல்முறையீடு என்று உச்ச நீதிமன்றம் வரை போய் 2007-இல் முடிந்தது. 2007-08 கல்வியாண்டில்தான் பருவங்கள் மாறின. ஒன்பது வருடம். வழக்குப் போட்டபோது பள்ளியில் படித்த பெண்கள் கல்லூரியும் முடித்திருப்பார்கள்.

அயோவாவின் அறுவர் ஆட்டமும் 1993-இல் முடிவுக்கு வந்தது. செண்டா பெரென்சன் போட்ட கோடு அழிய நூறு வருடம் ஆனது.

இப்போ ஆரம்பத்துல மனசுல வெச்சுக்கச் சொன்ன எண்ணுக்கு வருவோம். 1971-72-இல் ஆடிய பையன்கள் 36,66,917. சட்டம் வந்து 46 வருடம் கழித்து, 2018-19-இல், ஆடிய பெண்கள் 34,02,733. அதாவது, அன்னைக்குப் பையன்கள் நின்ன இடத்துக்கே பெண்கள் இன்னும் வந்து சேரல. இத்தனைக்கும் இது சட்டம் இருக்கிற நாடு.

அதனால அடுத்த முறை யாராவது "பொண்ணுங்களுக்கு ஆர்வம் இல்லீங்க" என்று சொன்னால், பதிலுக்கு நாலு கேள்வி கேளுங்க. அவங்களுக்கு மைதானம் எத்தனை மணிக்குக் கிடைக்குது? பந்து யார்கிட்ட இருக்கு? சொல்லிக்கொடுக்க யார் நிக்கிறாங்க? இருட்டினப்புறம் வீட்டுக்கு எப்படிப் போறாங்க? இந்த நாலுக்கும் பதில் தெரிஞ்ச பிறகு ஆர்வத்தைப் பற்றிப் பேசலாம்.

உங்க பள்ளியில நாலு மணிக்கு மைதானம் யார்கிட்ட இருந்தது என்று எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.